முப்பது கறுப்புப் பெட்டிகள்

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் பூட்டினதும் சாதாரண தரப் (பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை) பிள்ளைகளுக்கு சூமில் கணிதம் எடுத்தேன். முப்பது பேர், கமரா பூட்டின முப்பது கறுப்புப் பெட்டி. "விளங்குதோ?" என்றால் "ஓம் சேர்" என்று ஒரே ஒரு குரல், அதுவும் எப்போதும் சாவகச்சேரிப் பிள்ளைதான்.

கெஞ்சினேன், ஏசினேன், பலனில்லை. பிறகு நான்கு நான்கு பேராகச் சூமிலேயே தனி அறைகளில் விட்டு, வேண்டுமென்றே பிழையாகச் செய்த இருபடிச் சமன்பாடு ஒன்றைக் கொடுத்தேன். பிழையைப் பிடிக்கவேணும், யார் விளக்குவது என்பதைக் கடைசியில் சீட்டுக் குலுக்கித்தான் சொல்வேன். கெட்டிக்காரன் மற்ற மூவருக்கும் விளங்கப்படுத்தாமல் தப்ப ஏலாது. வாத்தியாரின் பிழையைப் பிடிப்பதென்றால் பெடியளுக்கு என்ன புளுகம்! டேட்டா முடிந்தவர்கள் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினார்கள்.

இலவச சூம் 40 நிமிடத்தில் அறுந்தது. "இன்னொருக்கா லிங்க் போடுங்கோ சேர்" என்று நாலைந்து மெசேஜ்.