அப்பா விட்டுப்போன பணம்: வீட்டுக் கடனை அடைப்பதா, முதலீடு செய்வதா?

அப்பா இறந்து நான்கு மாதம் கழித்து, அவருடைய வைப்புத்தொகையில் என் பங்காக 12 லட்சம் ரூபாய் என் கணக்குக்கு வந்தது. அந்த வாரமே ஆளுக்கொரு யோசனை. சித்தப்பா, "முதல்ல கடனை அடைச்சுடுப்பா" என்றார். அலுவலக நண்பர் மியூச்சுவல் ஃபண்டில் போடச் சொன்னார். வங்கியிலிருந்து காப்பீட்டோடு சேர்ந்த முதலீட்டுத் திட்டம் என்று ஓர் அழைப்பும் வந்தது. யார் சொன்னதையும் உடனே கேட்காமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே வழியை இங்கே எழுதுகிறேன். உங்கள் எண்களைப் போட்டு நீங்களும் செய்து பார்க்கலாம்.

படி 1: மூன்று மாதம் தொடாதீர்கள்

துக்கத்தில் இருக்கும்போது பெரிய முடிவு வேண்டாம். பணத்தைக் குறுகிய கால எஃப்.டி.யில் போட்டுவிடுங்கள். ஒரே வங்கியில் ஒருவருடைய வைப்புக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு உண்டு. அதனால் இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்துப் போடுவது நல்லது.

படி 2: பணம் முழுக்க உங்களுடையதுதானா?

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வங்கி வைப்பில் நாமினியாக உங்கள் பெயர் இருந்தால் பணத்தை வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதனாலேயே முழுப் பணமும் உங்களுக்குச் சொந்தமாகிவிடாது, மற்ற வாரிசுகளுக்கும் அதில் பங்கு இருக்கும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் வாரிசுகள். வாரிசு சான்றிதழ் வாங்கி, அம்மாவிடமும் அக்கா தங்கைகளிடமும் உட்கார்ந்து பேசி முடித்த பிறகுதான் இது உங்கள் பணம்.

வரி பற்றிய பயம் வேண்டாம். இந்தியாவில் வாரிசுரிமை வரி கிடையாது, இறந்தவரின் சொத்துக்கு இருந்த பழைய எஸ்டேட் வரியும் 1985-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தப் பணத்துக்கு இனி வரும் வட்டி உங்கள் வருமானம். வந்தது நிலமாக இருந்து நீங்கள் விற்றால் மூலதன ஆதாய வரியும் வரலாம், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: ஓரமாக எடுத்து வையுங்கள்

கிரெடிட் கார்டு பாக்கி, தனிநபர் கடன், அடகில் இருக்கும் நகை இருந்தால் அவற்றை முதலில் முடியுங்கள். பொதுவாக வீட்டுக் கடனை விட இவற்றின் வட்டி அதிகம். அப்புறம் ஆறு மாதச் செலவு. எங்கள் வீட்டுச் செலவு மாதம் 40,000, கடன் தவணை சுமார் 25,000. ஆறு மாதத்துக்கு 3.9 லட்சம் வருகிறது, 4 லட்சத்தை ஒதுக்கினேன். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு இல்லை என்றால் அதையும் இப்போதே எடுத்துவிடுங்கள். வங்கிக்குக் கொடுத்துவிட்ட பணத்தை ஆஸ்பத்திரிச் செலவுக்குத் திருப்பிக் கேட்க முடியாது.

மீதி 8 லட்சம். கேள்வி இந்த எட்டு லட்சத்துக்குத்தான்.

படி 4: வட்டியை வட்டியோடு ஒப்பிடுங்கள்

என் கடனில் பாக்கி 25 லட்சம், வட்டி 8.5 சதவீதம், இன்னும் 15 ஆண்டு. எட்டு லட்சத்தை அடைத்தால் முதல் ஆண்டில் மிச்சமாகும் வட்டி 68,000 ரூபாய். அதையே 7 சதவீத எஃப்.டி.யில் போட்டால் 56,000 வரும். நீங்கள் 20 சதவீத வரி வரம்பில் இருந்தால் செஸ் (வரியின் மேல் வரும் கூடுதல் வரி) சேர்த்து 20.8 சதவீதம் போய், கையில் நிற்பது 44,352. வருமானம் குறைவு, வரியே இல்லை என்றாலும் 56,000-ஐத் தாண்டாது.

"வீட்டுக் கடனுக்கு வரிச்சலுகை இருக்கிறதே" என்பார்கள். சொந்தக் குடியிருப்பு வீட்டின் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரையிலான கழிவு பழைய வரிமுறையில் மட்டும்தான், புதிய முறையில் இல்லை. பழைய முறையில் இருந்தாலும் அதே 20 சதவீத வரம்பில் கடனின் உண்மையான வட்டி சுமார் 6.7 சதவீதமாக இறங்குகிறது, எஃப்.டி.யோ வரிக்குப் பிறகு 5.5 சதவீதம்தான் தருகிறது. இரண்டு பக்கமும் ஒரே வரிதான் என்பதால் கடனை அடைப்பதே இங்கும் மேல்.

சரி, பங்குச் சந்தை? நீண்ட காலப் பங்கு ஆதாயத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேல் உள்ளதற்கு 12.5 சதவீத வரி. கடனை அடைப்பதால் வரும் 8.5 சதவீதத்தை மிஞ்ச, ஃபண்ட் ஆண்டுக்கு ஒன்பதரை சதவீதத்துக்குப் பக்கத்தில் வளர வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டு விட்டுவைத்தால் நடக்கக்கூடியதுதான், ஆனால் உறுதி கிடையாது. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,200-க்கும் கீழே போனது. பழைய உயரத்துக்கு வர 2010 நவம்பர் ஆனது. அந்த மாதிரி ஒரு வருடத்தில் அப்பாவின் பணம் பாதிக்கும் கீழே போவதைப் பார்த்துக்கொண்டே தவணையும் கட்டிக்கொண்டு, விற்காமல் இருக்க உங்களால் முடியுமா? ஏற்கெனவே ஒரு சரிவில் விற்காமல் இருந்து பார்த்தவர்கள் ஒரு பகுதியை இன்டெக்ஸ் ஃபண்டில் (சென்செக்ஸ் போன்ற குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்ட்) போடலாம். பணம் மொத்தமாக வந்தது என்பதற்காகச் சந்தையில் முதல் அடி வைப்பவர்களுக்கு நான் கடனை அடைப்பதைத்தான் சொல்வேன்.

படி 5: தவணையைக் குறைக்காதீர்கள், காலத்தைக் குறையுங்கள்

பகுதித் தொகை கட்டும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். என் கணக்கு இது:

- எதுவும் கட்டாவிட்டால்: மாதத் தவணை 24,618. இனி கட்டும் வட்டி மொத்தம் சுமார் 19.3 லட்சம்.
- 8 லட்சம் கட்டி, காலத்தை 15 ஆண்டாகவே வைத்துத் தவணையைக் குறைத்தால்: தவணை 16,741. வட்டி சுமார் 13.1 லட்சம்.
- 8 லட்சம் கட்டி, அதே தவணையைத் தொடர்ந்தால்: எட்டே ஆண்டில் கடன் முடிகிறது. வட்டி சுமார் 6.4 லட்சம்.

வேலை உறுதியில்லாதவர்களுக்கும் சம்பளம் இழுபறியாக இருப்பவர்களுக்கும் இரண்டாவது வழி மூச்சு விட இடம் தரும், அதில் தவறே இல்லை. மற்றவர்கள் மூன்றாவதை எடுங்கள். எட்டு ஆண்டுக்குப் பிறகு மாதம் 24,618 ரூபாய் உங்கள் கையில் நிற்கும், முதலீட்டை அப்போது பெரிதாகத் தொடங்கலாம்.

படி 6: வங்கியில் செய்ய வேண்டியவை

மாறும் வட்டி உள்ள தனிநபர் வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.

விண்ணப்பத்தில் "தவணைத் தொகை மாறாமல் காலத்தைக் குறைக்கவும்" என்று எழுதிக் கொடுங்கள். நான் முதல் தடவை வாயால் சொல்லிவிட்டு வந்ததில் தவணையைக் குறைத்துவிட்டார்கள், திருத்த இரண்டு மாதம் அலைந்தேன். புதிய தவணை அட்டவணையைக் கையில் வாங்காமல் திரும்ப வேண்டாம்.

உங்கள் பணம் முழுக் கடனையும் முடிக்கப் போதுமானது என்றால், கடன் முடிந்த 30 நாளுக்குள் வங்கி உங்கள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று 2023-இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த எம்.ஓ.டி. (பத்திரங்களை வங்கியிடம் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) தானாக நீங்காது. கடன் முடிந்தது என்பதற்கான ரசீது ஆவணத்தை வங்கியிடம் பெற்று அதே அலுவலகத்தில் பதிய வேண்டும். சில நாள் கழித்து வில்லங்கச் சான்று எடுத்து, அந்த ரசீது அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.