பேக்கேஜ், எக்ஸ்பிரஸ் பெட்டிகள்: அமெரிக்க ரயில் மாடலுக்கு வாங்கும் முன் எப்படித் தேடுவது?

ஹெச்ஓ அளவில் (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) அமெரிக்க ரயில் மாடல் கட்டுபவர்கள் இன்ஜினுக்காக மாதக்கணக்கில் அலைவார்கள். ஆனால் இன்ஜினுக்குப் பின்னால் வரும் பேக்கேஜ், எக்ஸ்பிரஸ் (அவசர பார்சல்), தபால் பெட்டிகள் என்றால் கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டிவிடுவார்கள். நம் ஊர் ரயிலில் பார்சல் வேன் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இந்தப் பகுதிக்கு ஹெட்-எண்ட் என்று பெயர். ரயில் எந்தக் கம்பெனியுடையது, எந்தக் காலத்தது என்று விஷயம் தெரிந்தவர்கள் இதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். பெட்டியைத் தேடும் முறையை மட்டும் இங்கே எழுதுகிறேன். கப்ளர் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) மாற்றுவது, சக்கரம் மாற்றுவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: கம்பெனி, வருடம்

இரண்டையும் ஒரு தாளில் எழுதிவிட்டுத்தான் இணையத்தைத் திறக்க வேண்டும். என்னுடையது பென்சில்வேனியா ரயில்ரோடு, 1950.

வருடம் ஏன் முக்கியம் என்றால், பெட்டியின் பக்கவாட்டு எழுத்தே அதைப் பொறுத்துத்தான் இருக்கும். 1918இல், முதல் உலகப் போரின்போது, ஆடம்ஸ், அமெரிக்கன், வெல்ஸ் ஃபார்கோ முதலிய எக்ஸ்பிரஸ் கம்பெனிகளின் தொழிலை ஒன்றாக்கி அமெரிக்கன் ரயில்வே எக்ஸ்பிரஸ் உருவானது. 1929இல் அந்த இடத்துக்கு ரயில்வே எக்ஸ்பிரஸ் ஏஜென்சி (சுருக்கமாக ஆர்இஏ) வந்தது. 1960இல் பெயர் ஆர்இஏ எக்ஸ்பிரஸ் ஆனது. 1975இல் திவால். ஆக, 1950 ரயிலில் ஆர்இஏ எக்ஸ்பிரஸ் என்று எழுதிய பெட்டி வந்தால் அது பத்து வருடம் முன்கூட்டி வந்துவிட்டது என்று பொருள்.

தபால் பெட்டிக்கும் இதே கணக்குதான். 1967இல் தபால் துறை ரயில் ஒப்பந்தங்களைப் பெருமளவு நிறுத்தியது. ஓடும் ரயிலிலேயே கடிதம் பிரித்த கடைசிப் பெட்டி 1977 ஜூன் 30 வரை நியூயார்க்–வாஷிங்டன் தடத்தில் ஓடியது.

படி 2: வகைக் குறியீடு

பென்சில்வேனியாக்காரர்கள் இதில் நமக்கு நல்லது செய்திருக்கிறார்கள். பி (B) என்றால் பேக்கேஜ், எம் (M) என்றால் மெயில். பி60பி (B60b) பேக்கேஜ் பெட்டி, பிஎம்70 (BM70) பேக்கேஜும் தபாலும் சேர்ந்தது, பி70 (P70) பயணிகள் பெட்டி. தமிழில் எழுதும்போது பேக்கேஜ் பியும் பாசஞ்சர் பியும் ஒன்றாகத் தெரியும், குழம்பிக்கொள்ளாதீர்கள். தேடும்போது ஆங்கில எழுத்திலேயே தேடுங்கள். பெட்டியின் எண்ணை வைத்து வகையை ஊகிக்கவும் வேண்டாம். இந்தக் கம்பெனியின் எண்கள் அப்படி வரிசையாக அடுக்கப்பட்டவை அல்ல.

படி 3: நீளம்

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது, நிதானமாகப் படியுங்கள்.

குறியீட்டில் உள்ள 60, 70 எல்லாம் உள்ளே இருக்கும் இடத்தின் நீளம், அதுவும் அடியில். பெட்டியின் மொத்த நீளம் அதுவல்ல. பயணிகள் பி70க்கு உள்ளே 70 அடி, ஆனால் இரண்டு முனையிலும் ஏறி இறங்கும் வாசல் இருப்பதால் மொத்தம் சுமார் 80 அடி. பி60பி பேக்கேஜ் பெட்டியில் அந்த வாசல் இல்லை, அதனால் உள் நீளத்துக்கு மேல் சில அடிதான் கூடும், சுமார் 64 அடி. ஹெச்ஓவில் ஒரு அடிக்கு 3.5 மில்லிமீட்டர். 80 அடி என்றால் 280 மி.மீ., 64 அடி என்றால் 224 மி.மீ. இந்த வித்தியாசம் மேசையில் பளிச்சென்று தெரியும், தெரியவும் வேண்டும். எல்லாப் பெட்டியும் ஒரே நீளத்தில் நின்றால் அது பொம்மை செட்.

கம்பெனி வரைபடத்தில் மூன்று நான்கு நீளங்கள் போட்டிருக்கும்: உள்ளே, முனைச் சட்டங்களுக்கு இடையே, பஃபருக்கு பஃபர், கப்ளருக்கு கப்ளர். மாடலின் உடலை ஒப்பிட இரண்டாவது, வளைவில் இடிக்குமா என்று பார்க்கக் கடைசி.

வரைபடம் கிடைக்காவிட்டால் படத்திலிருந்து அளக்கலாம். படம் நேர் பக்கவாட்டில் எடுத்ததாக இருக்க வேண்டும். பயணிகள் ரயில் சக்கரத்தின் விட்டம் வழக்கமாக 36 அங்குலம், சரக்கு வண்டிக்கு 33. ஆனால் சக்கரத்தை மட்டும் நம்பாதீர்கள். படத்தில் சக்கரம் 30 பிக்சல் இருந்து நீங்கள் ஒரு பிக்சல் தவறினால், 64 அடிப் பெட்டியில் இரண்டு அடிக்கு மேல் பிசகும். ஹெச்ஓவில் அது 7 மி.மீ. உறுதியாகத் தெரிந்த பெரிய அளவு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அளக்க நான் இங்க்ஸ்கேப் என்ற கணினி வரைகலை மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். ஃபோன் ஆப் எதுவும் எனக்குச் சரிப்படவில்லை.

படி 4: படங்கள்

முதலில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், அமெரிக்க அரசின் நூலகம். 1942–43இல் புகைப்படக்காரர் ஜாக் டெலானோ அரசுக்காக எடுத்த சிகாகோ யார்டுகள், சான்டா ஃபே பாதைப் படங்கள் அங்கே இலவசம். சிறிய ஜேபெக் வேண்டாம், பெரிய டிஃப் கோப்பை இறக்குங்கள். பின்னணியில் நிற்கும் பெட்டியின் ரிவெட் வரிசைகூடத் தெரியும். அடுத்து கார் பில்டர்ஸ் சைக்ளோபீடியா என்ற ரயில் பெட்டிக் கையேட்டின் பழைய பதிப்புகள், ஹாத்திட்ரஸ்ட் இணைய நூலகத்தில் தேடுங்கள். அதன் பிறகு அந்தந்தக் கம்பெனியின் வரலாற்றுச் சங்கம். பின்ட்ரஸ்ட் பக்கமே போக வேண்டாம். தேதி இல்லாத படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

படத்தில் பார்க்க வேண்டியவை: கூரை, கதவு, டிரக் (பெட்டிக்கு அடியில் சக்கரங்கள் பொருத்திய சட்டகம், நம் ஊரில் போகி). பி60பிக்கு வளைந்த கூரை, நடுவில் எழும்பிய கிளியர்ஸ்டரி கிடையாது. நான்கு சக்கர டிரக். மற்ற பல கம்பெனிகளின் கனரக பேக்கேஜ் பெட்டிகளில் ஆறு சக்கரம். அதனால்தான் பொதுப்படையான மாடலுக்கு இந்தக் கம்பெனியின் பெயரை ஒட்டினால் ஒட்டாது. மாடல் கம்பெனியான வால்தர்ஸ் ஹெச்ஓவில் பி60பியையே செய்திருக்கிறது, பழைய சரக்காகக் கிடைத்தால் விடாதீர்கள்.

கதவுகளை எண்ணினால் போதாது. முனையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்றும் குறித்துக்கொள்ளுங்கள். தபால் பெட்டி என்றால், தபால் அறை 15, 30, 60 அடி என்ற அளவுகளில்தான் இருக்கும். கலப்புப் பெட்டியில் அதன் எல்லை எங்கே என்று ஜன்னல்களை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

பின்சேர்க்கை: பயணிகள் ரயிலில் சரக்குப் பெட்டி மாதிரி ஒன்று நிற்கிறதே, படம் தவறா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தவறில்லை. பென்சில்வேனியாவின் ஆர்50பி (R50b) குளிர்பதனப் பெட்டி அந்த ரகம். வேக டிரக்கும், பயணிகள் பெட்டிகளைச் சூடாக்கும் நீராவியைக் கடத்தும் குழாயும் இருப்பதால் பயணிகள் ரயிலில் சேர்ந்து ஓடும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் புல்மேன் கம்பெனி கட்டிய 2,400 ராணுவத் தூங்கும் பெட்டிகளிலும் பல, போருக்குப் பின் எக்ஸ்பிரஸ் பெட்டிகளாக மாறின. ஆகவே 1943 ரயிலில் அப்படி மாற்றிய பெட்டி வராது, 1950இல் வரலாம். சரக்கு மாடலை எடுத்து இதற்கு மாற்றப் போகிறீர்கள் என்றால் 33 அங்குலச் சக்கரத்தைக் கழற்றி 36 போடுங்கள். பெட்டி சற்று உயர்ந்து கப்ளர் மேலே போகும், அதை முதலில் சரிசெய்துவிட்டு அப்புறம் பெயின்ட் அடியுங்கள்.