கஞ்சா வேட்டைக்குப் பிறகு உங்கள் ஏரியா பாதுகாப்பானதா? கணக்குப் பார்ப்பது எப்படி

"இத்தனை கிலோ பறிமுதல், இத்தனை பேர் கைது" என்பது போலீஸ் எவ்வளவு வேலை பார்த்தது என்பதன் கணக்கு. தெருவில் நடப்பவருக்கு ஆபத்து குறைந்ததா என்பது வேறு கணக்கு. தமிழகத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'கஞ்சா வேட்டை' போன்ற போலீஸ் நடவடிக்கைகளை எடைபோட ஒரு காவல் நிலைய எல்லை போதும். சென்னை முழுவதையும் எடுத்தால் எல்லாம் கலந்துவிடும்.

வேட்டைக்கு முந்தைய 6 மாதம், பிந்தைய 6 மாதம், அதற்கு முந்தைய ஆண்டின் அதே மாதங்கள் என எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து இரண்டு நிலையங்களையும் சேர்ப்பது அவசியம். வியாபாரம் ஒழிந்ததா, பாலத்துக்கு அந்தப் பக்கம் நகர்ந்ததா என்பது அங்கேதான் தெரியும்.

அடுத்தது ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு. மாநகரக் காவல் ஆணையர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்கள். மத்தியப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகத்துக்கு எழுதிப் பயனில்லை. ஆர்.டி.ஐ. சட்டத்தின் 2ஆம் அட்டவணை அதற்கு விலக்கு தந்திருக்கிறது. பெயர் எதுவும் கேட்காதீர்கள். மாதவாரி எண்ணிக்கை மட்டும் போதும்: என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் தடுப்புச் சட்ட) வழக்குகள், வழிப்பறி, செயின் பறிப்பு, அடிதடி, கொலை.

என்.டி.பி.எஸ். வழக்குகளை அளவு வாரியாகப் பிரித்துக் கேட்பதுதான் மனுவின் உயிர். கஞ்சாவில் 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு; ஹெராயினில் 5 கிராம், 250 கிராம். பயன்படுத்தியதற்கான 27ஆம் பிரிவு வழக்குகள் தனியாக வரட்டும். உதாரணத்துக்கு, 40 வழக்கில் 36 சிறு அளவோ 27ஆம் பிரிவோ என்றால், பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் புகைத்தவர்களும் பொட்டலம் விற்ற பையன்களும்தான். சரக்கை இறக்கியவர் அந்தப் பட்டியலில் இருக்க வாய்ப்பு குறைவு.

பலரும் சறுக்கும் இடம் பிரிவு எண்கள். 2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி.க்கு (இந்திய தண்டனைச் சட்டம்) பதில் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) வந்தது. வழிப்பறி 392இலிருந்து 309க்குப் போனது. செயின் பறிப்புக்கு முன்பு தனிப் பிரிவே இல்லை. 379இலோ 392இலோ பதிவானது, இப்போது 304. பழைய ஐ.பி.சி. 304 கொலையாகாத மரணத்துக்கானது! வெறும் "304" என்று கேட்டால் இரண்டும் கலந்து வரும். குற்றத்தின் பெயர், சட்டத்தின் பெயர், பிரிவு என மூன்றையும் எழுதுங்கள்.

30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. "அப்படித் தொகுத்து வைக்கவில்லை" என்று பதில் வந்தால், பதிவேட்டை நேரில் பார்வையிட ஆர்.டி.ஐ. சட்டம் 2(ஜெ) பிரிவின்கீழ் கேளுங்கள்.

எண்கள் கைக்கு வந்ததும் அவசரப்படாதீர்கள். செயின் பறிப்பு 6இலிருந்து 4 ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம். 60இலிருந்து 40 என்றால் பேசலாம். அதே காலத்தில் தெருவிளக்கு போட்டார்களா, டாஸ்மாக் கடை இடம் மாறியதா என்று பாருங்கள். அடிதடிக் கணக்கை இவையும் மாற்றும். வேட்டைக்குப் பின் வெட்டுக்குத்து கூடியிருந்தாலும் ஆச்சரியமில்லை: ஒரு விற்பனையாளர் உள்ளே போனால் அவர் இடத்துக்கும் பாக்கிப் பணத்துக்கும் போட்டி வரும். கஞ்சா வழக்கு குறைந்ததும் நிம்மதி அடைய வேண்டாம். பையன்கள் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடும் பழக்கத்துக்கு மாறியிருக்கலாம். அந்த வழக்குகளில் பல என்.டி.பி.எஸ். கணக்கிலேயே வராது.

தண்டனை விகிதத்தையும் அளவு வாரியாகவே பாருங்கள். சிறு அளவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினாலும் அது தண்டனையாகவே பதிவாகும். மொத்த விகிதம் ஏறும். வணிக அளவு வழக்குகள் சறுக்குவது நடைமுறையில்: கிடைத்த தகவலை என்.டி.பி.எஸ். 42ஆம் பிரிவுப்படி எழுதி வைக்காதது, உடல் சோதனையில் 50ஆம் பிரிவு உரிமையை (அரசிதழ் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன் சோதிக்கக் கேட்பது) சொல்லாதது, 52ஏ படி மாஜிஸ்திரேட் முன் மாதிரி எடுக்காதது. வழக்கு எண் தெரிந்தால் நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் அதன் நிலையைப் பார்க்கலாம்.

விற்பவர்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தகவல் சொல்ல 1933 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்குச் சிகிச்சை தேவையென்றால் 14446 என்ற எண்ணை அழையுங்கள்.