நோயின் பெயர் வேறு, பாலிசியின் வரையறை வேறு

நெஞ்சுவலி என்று இரவில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போன என் சித்தப்பாவுக்கு, விடிவதற்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறக்கும் சிகிச்சை) செய்து இரண்டு ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். பட்டியலில் உள்ள பெரிய நோய் வந்தால் பேசிய தொகையை மொத்தமாகத் தரும் தீவிர நோய்க் காப்பீட்டுக்கு ஏழு ஆண்டுகளாகப் பிரீமியம் கட்டி வந்தவர் அவர். வீடு திரும்பியதும் முதல் வேலையாக க்ளெய்ம் படிவத்தை நிரப்பி அனுப்பினார். ஆறு வாரம் கழித்து வந்த பதிலின் சாரம் இதுதான்: உங்களுக்கு வந்தது பாலிசி சொல்லும் மாரடைப்பு அல்ல.

"டாக்டரே அட்டாக் என்றார். இல்லை என்று சொல்ல இவர்கள் யார்?" என்று கொதித்தார். பாலிசிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அது வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது.

உள்ளே, மாரடைப்பு என்ற தலைப்பின் கீழ் மூன்று நிபந்தனைகள் இருந்தன. மாரடைப்புக்கே உரிய நெஞ்சுவலி இருக்க வேண்டும். ஈசிஜியில் புதிய மாற்றங்கள் தெரிய வேண்டும். இதயத் தசை சேதமானதைக் காட்டும் டிராபோனின் அளவு ரத்தத்தில் உயர்ந்திருக்க வேண்டும். மூன்றையும் இணைத்தது 'மற்றும்' என்ற ஒரே சொல். அந்த இடத்தில் 'அல்லது' இருந்திருந்தால் சித்தப்பாவுக்குப் பணம் கிடைத்திருக்கும். அவருடைய டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் டிராபோனின் இயல்பான அளவில் இருந்தது. ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருந்தது உண்மை, ஆனால் தசை சாகும் முன் மருத்துவர்கள் முந்திக்கொண்டார்கள். மருத்துவத்தின் வெற்றி அது. பாலிசியின் கணக்கில் அது வெறும் நெஞ்சுவலி, அதற்குப் பணம் கிடையாது.

தீவிர நோய்க் காப்பீட்டைப் பற்றிய தவறான எண்ணங்களில் மூத்தது இதுதான்: நோயின் பெயர் பட்டியலில் இருந்தால் போதும், பணம் வந்துவிடும் என்பது. விளம்பரத் தாளில் இருப்பது பெயர். ஒப்பந்தத்தில் இருப்பது வரையறை. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது நோய்க்கு நோய் மாறும்.

புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிடும். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் பார்ப்பது வேறு ஒன்றை: செல்கள் தோன்றிய இடத்தின் எல்லையைத் தாண்டி அருகிலுள்ள திசுக்களுக்குள் ஊடுருவியிருக்கின்றனவா? தோன்றிய படலத்துக்குள்ளேயே அடங்கியிருப்பதைத்தான் மருத்துவர்கள் பூஜ்ய நிலை என்கிறார்கள். மார்பகத்தில் இந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டு அறுவைச் சிகிச்சையே நடந்திருந்தாலும், முழுத் தொகை வராமல் போகலாம். சில பாலிசிகளில் ஒரு பங்கு கிடைக்கும், சிலவற்றில் ஒன்றும் கிடைக்காது. மெலனோமா என்ற கொடிய வகை அல்லாத பெரும்பாலான தோல் புற்றுநோய்களும், புராஸ்டேட் புற்றுநோயின் ஆரம்ப நிலையும் இதே வரிசையில்தான் நிற்கின்றன. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தைராய்டு கட்டிகளையும் பல பாலிசிகள் இதே வரிசையில் வைத்துவிடுகின்றன.

பக்கவாதத்தில் பிரச்சினை காலம். மூளை ஸ்கேனில் சேதம் தெரிந்தால் மட்டும் போதாது. நிரந்தரமான நரம்பியல் பாதிப்பு இருக்க வேண்டும் என்று பல வரையறைகள் கேட்கின்றன. அது நிரந்தரம்தான் என்று உறுதிசெய்ய மூன்று மாதம்வரை காத்திருக்கச் சொல்வதும் உண்டு. சில நிமிடங்களோ சில மணி நேரமோ கை மரத்து, வாய் குழறி, பிறகு தானாகவே சரியாகிவிடும் சிறு தாக்குதலுக்கு எதுவும் கிடைக்காது. சிறுநீரகத்தைப் பொறுத்தவரை இரண்டும் மீள முடியாதபடி செயலிழந்து, தொடர் டயாலிசிஸோ மாற்று அறுவைச் சிகிச்சையோ தேவைப்பட்டால்தான் கணக்கில் வரும்.

அப்படியானால் இதெல்லாம் ஏமாற்று வேலையா என்று சித்தப்பா கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் காப்பீடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் வரையறைகளின் இறுக்கம் ஓரளவு புரியும்.

1967 டிசம்பரில் கேப்டவுனில் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவைச் சிகிச்சையைச் செய்தவர் கிறிஸ்டியன் பர்னார்ட். அவருடைய தம்பி மாரியஸ் பர்னார்டும் இதய அறுவை நிபுணர்தான். தன்னிடம் சிகிச்சை பெற்றுப் பிழைத்தவர்கள் பிறகு பணத்தால் நொறுங்குவதை மாரியஸ் கவனித்தார். நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்து அனுப்பிய ஒரு பெண், பிள்ளைகளைக் காப்பாற்ற ஓய்வின்றி வேலைக்குப் போய், உடல் முற்றிலும் சீர்குலைந்த நிலையில் மறுபடி அவரிடம் வந்த கதையை அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். இறந்தால் பணம் தரும் காப்பீடு இருக்கிறது, பிழைத்தால் தருவது ஏன் இல்லை என்ற கேள்வியோடு அவர் காப்பீட்டுக்காரர்களிடம் போனார். 1983இல் தென்னாப்பிரிக்காவில் முதல் பாலிசி வெளிவந்தது. அதில் இருந்தவை நான்கே நான்கு: மாரடைப்பு, புற்றுநோய், பக்கவாதம், பைபாஸ் அறுவைச் சிகிச்சை.

அன்றைக்கு மாரடைப்பு வந்தவர் மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாது. இன்று ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் சில நாட்களில் வீடு திரும்பிவிடுகிறார். அன்று கண்ணுக்கே தெரியாமல் இருந்த துளிக் கட்டிகளை இன்றைய ஸ்கேன் காட்டிக்கொடுக்கிறது. கண்டுபிடிப்பு பெருகப் பெருக வரையறையும் இறுகுகிறது; இல்லாவிட்டால் பிரீமியம் எவருக்கும் கட்டுப்படியாகாது. இதனால்தான், பழைய பாலிசியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதற்கு மாறச் சொல்லும் ஏஜென்டிடம் நான் உடனே தலையாட்ட மாட்டேன். பழையதின் வரையறை தளர்வாக இருந்திருக்கலாம். மாறினால் வயதும் கூடியிருக்கும், தொடக்கத்தில் பணம் கேட்க முடியாத காத்திருப்புக் காலமும் முதலிலிருந்து தொடங்கும், இடையில் வந்த சர்க்கரை நோய் விண்ணப்பத்தில் ஏறும்.

மாரியஸின் கதையிலேயே அடுத்த தவறுக்கும் பதில் இருக்கிறது. மருத்துவக் காப்பீடு இருக்கிறதே, இது எதற்கு என்பவர்கள் உண்டு. இது இருக்கிறதே, மருத்துவக் காப்பீடு எதற்கு என்பவர்களும் உண்டு. இருவரும் ஒன்றை மற்றொன்றாக நினைக்கிறார்கள். மருத்துவக் காப்பீடு மருத்துவமனைப் பில்லைப் பார்த்துப் பணம் தரும். தீவிர நோய்க் காப்பீடு பில்லைக் கேட்பதில்லை. நோய் வரையறைக்குள் வந்தது உறுதியானால் பேசிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிடும். அதை வீட்டுக் கடனுக்குக் கட்டலாம். ஓராண்டு சம்பளமில்லா விடுப்பில் உட்கார்ந்து தேறலாம். உங்களைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட மனைவியோ கணவரோ இழந்த வருமானத்துக்கு ஈடாகவும் வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு தொகைக்கு எடுப்பது என்று கேட்பவர்களிடம் நான் சிகிச்சைச் செலவைக் கணக்கிடச் சொல்வதில்லை. எத்தனை மாதம் சம்பளம் வராமல் குடும்பம் ஓட வேண்டும், எவ்வளவு கடன் பாக்கி என்பதுதான் கேள்வி.

ஆனால் எல்லா வருமான இழப்பையும் இது ஈடுகட்டாது. முதுகுவலியும் மனச்சோர்வும் மனிதரை ஓராண்டு படுக்கப் போடலாம். பட்டியலில் அவை இருக்காது. அதற்கு வருமானப் பாதுகாப்புக் காப்பீடு என்று தனியாக ஒன்று இருக்கிறது.

அறுபது நோய்களுக்குப் பாதுகாப்பு என்ற விளம்பரத்தைப் பார்த்து, முப்பது நோய்ப் பாலிசியைவிட அது இரு மடங்கு நல்லது என்று நினைக்க வேண்டாம். க்ளெய்ம்களில் பெரும்பகுதி புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் என்ற மூன்றிலிருந்தே வருகிறது. நாற்பத்தேழாவது இடத்தில் உள்ள நோயின் பெயரை உங்கள் குடும்ப மருத்துவரே தன் வாழ்நாளில் ஒருமுறைதான் கேட்டிருப்பார். எண்ணிக்கையை விட்டுவிட்டு, அந்த மூன்றின் வரையறையை இரண்டு பாலிசிகளில் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடுங்கள். அரை மணி நேர வேலைதான்.

நாள் கணக்கிலும் பலர் சறுக்குகிறார்கள். பாலிசி தொடங்கி முதல் 90 நாட்களுக்குள் கண்டறியப்படும் நோய்க்கு வழக்கமாகப் பணம் கிடைக்காது. அதைவிடக் கொடியது இன்னொரு விதி: நோய் உறுதியான பிறகு குறிப்பிட்ட நாட்கள், பெரும்பாலும் 14 முதல் 30 வரை, காப்பீடு எடுத்தவர் உயிரோடு இருக்க வேண்டும். கடும் மாரடைப்பில் நான்காம் நாள் இறந்தவரின் குடும்பத்துக்குத் தனியாக எடுத்த தீவிர நோய்ப் பாலிசியிலிருந்து எதுவும் வராது. படிக்கும்போது கொடூரமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது பிழைத்தவருக்கான பணம். இறந்தவரின் குடும்பத்துக்கு வேண்டியது ஆயுள் காப்பீடு.

தீவிர நோய்க் காப்பீட்டை ஆயுள் காப்பீட்டோடு ரைடராக, அதாவது கூடுதல் இணைப்பாக, சேர்த்தவர்களும் ஒன்றைப் பார்க்க வேண்டும். சில ரைடர்களில் நோய்க்குத் தரும் பணம் இறப்புத் தொகையிலிருந்தே முன்கூட்டி எடுத்துக் கொடுக்கப்படுகிறது. நூறு பங்கில் நாற்பதை நோய்க்கு வாங்கிக்கொண்டால், குடும்பத்துக்கு மிஞ்சுவது அறுபது. சிலவற்றில் இரண்டும் தனித்தனி. பிரீமியத்தில் தெரியும் வித்தியாசத்துக்குக் காரணம் பல நேரம் இதுதான். ஒருமுறை முழுத் தொகை கொடுத்ததும் பல பாலிசிகள் முடிந்துவிடுகின்றன என்பதையும், அலுவலகம் எடுத்துத் தந்த குழுக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு போய்விடும் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

கடைசியாக, விண்ணப்பப் படிவம். நான் பாலிசி எடுத்தபோது வந்த ஏஜென்ட் நல்ல மனிதர், சுறுசுறுப்பானவர். உடல்நலக் கேள்விகள் வந்த பக்கத்தைத் திருப்பி, "எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிடுகிறேன் சார், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்றார். எனக்கு ரத்த அழுத்த மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு ஐம்பது வயதில் பைபாஸ் நடந்திருந்தது. பேனாவை வாங்கி இரண்டையும் நானே எழுதினேன். பிரீமியம் ஏறியது, அவர் முகம் சுருங்கியது. ஆனால் க்ளெய்ம் வரும்போது பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடிப் பார்ப்பவர் அவர் அல்லர், நிறுவனத்தின் மருத்துவக் குழு. அன்று ஏஜென்டின் வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. படிவத்தில் இருப்பது என் கையெழுத்து.

சித்தப்பாவின் புத்தகத்தை மேலும் புரட்டியதில், ஆஞ்சியோபிளாஸ்டிக்குத் தொகையில் ஒரு சிறு பங்கு தரலாம் என்று பின்பக்கத்தில் ஒரு வரி கிடைத்தது. அவர் மாரடைப்பு என்ற தலைப்பில் மட்டுமே விண்ணப்பித்திருந்தார். ஆஞ்சியோகிராம் அறிக்கையை இணைத்து மறுபடி அனுப்பினோம். அந்தப் பங்கு வந்துசேர்ந்தது, மீதித் தொகைக்கு பாலிசி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.