ரம்புட்டான் கிளைக்குப் பழைய கழுக்கோல் ஊணு

நாலு வயசு ரம்புட்டான். ஆடி மழையில் ஒரே ராத்திரியில் பெரிய கிளை, தண்டிலிருந்து பிரிகிற கவையோடு கிழிந்து தொங்கியது. காய் சிவக்க இன்னும் பத்து நாள் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்க விளையில் (தோட்டத்தில்) அன்றைக்கு நான் அழுதேன். மறு வருஷம் எல்லாக் கிளைக்கும் ஊணு, அதாவது முட்டுக்கால், வைத்தேன்.

ரம்புட்டான் கிளை நுனியில்தான் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். பாரம் நுனியில், கிழிவது கவையில். முடி முடியான தோலில் மழைத்தண்ணீர் வேறு தங்கும். வவ்வாலுக்குப் பயந்து போர்த்துகிற வலை நனைந்தால் அதுவும் கனம். அதனால் வலை போடுவதற்கு முன்னாடியே ஊணு நிற்க வேண்டும். சின்ன மரமென்றால் முதலில் கொத்துகளில் பாதியைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் ரெண்டு கிலோ காய்க்காக ஒரு கிளையை இழக்கக் கூடாது.

ஓட்டு வீட்டைப் பிரித்தபோது மாமனார், கூரை ஓட்டைத் தாங்கிய சாய்வு மரங்களான கழுக்கோல்களை விறகுக்குக் கொடுக்க விடவில்லை. பெரும்பாலும் அயனி என்கிற காட்டுப்பலா மரம், கொஞ்சம் பனை. மழைக்கு ரெண்டும் தாங்கும். தென்னந்தடி என்றால் வெளிப்பக்கத்து வைரம் மட்டும் போதும், உள்சோறு சீக்கிரம் இற்றுவிடும். ரப்பர் தடி ஒரு மழைக்காலத்துக்குள் உளுத்துப் போகும், நம்பாதீர்கள். பழைய தடியை அரிவாள் முனையால் குத்திப் பாருங்கள். முனை எளிதாய் இறங்கினால் அது அடுப்புக்கு. ஆணி எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பழைய பெயின்ட் உரியும் பலகையைப் பழ மரத்தடியில் வைக்கவே வேண்டாம்.

தடியின் தலையில் ஆங்கில 'வி' மாதிரி அறுத்து, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள். டியூப் இல்லையென்றால் தேங்காய்த் தும்பைச் சாக்கில் பொதிந்து கட்டலாம். மரத்தோலில் வெறும் தடி உரசினால் காற்றுக்கு அந்த இடம் புண்ணாகும்.

இடம் பார்ப்பதுதான் முக்கியம். தண்டிலிருந்து கிளை நுனி வரை மூன்று பங்காய்ப் பிரித்தால், ரெண்டாம் பங்கு முடிகிற இடத்தில் ஊணு. தண்டுக்குப் பக்கத்தில் வைத்தால் அதற்கு அப்புறம் முறியும், நுனியில் வைத்தால் நடுவில் குழியும். கிளையைப் பழைய உயரத்துக்குத் தூக்கப் பார்க்காதீர்கள். வளைந்த நிலையிலேயே ஒரு விரற்கடை தூக்கினால் போதும், பாரம் தடிக்கு மாறிவிடும். கிளையை ஒருவர் கையில் ஏந்திக்கொள்ள, இன்னொருவர் தடியை நிறுத்த வேண்டும். தனியே செய்யாதீர்கள்.

அடியைக் குழி தோண்டி நடக் கூடாது. ரம்புட்டான் வேர் மேலாகவே ஓடும், கடப்பாரைக்கு அறுந்து போகும். தட்டையான கல்லோ பலகைத் துண்டோ போட்டு அதன்மேல் நிறுத்துங்கள், மழை ஈரத்தில் தடி புதையாது. கறையான் ஏறுவதும் கண்ணுக்குத் தெரியும்.

தலையைக் கிளையோடு தும்புக் கயிற்றால் எட்டு வடிவில் தளர்வாய்க் கட்டுங்கள். நைலான் கயிறு தோலை அறுக்கும். பெருங்காற்று அடித்த மறுநாள் காலையில் ஒரு சுற்று நடந்து, சரிந்த தடியை நிமிர்த்துங்கள்.

காய் பறித்ததும் எல்லாத் தடியையும் ஒரே நாளில் எடுக்க வேண்டாம். நுனியைக் கவாத்து செய்து, ஒரு வாரம் விட்டு, ஒவ்வொன்றாய் எடுங்கள். நான் தடிகளைக் கழுவி வெயிலில் காயவைத்து, எந்த மரம் எந்தக் கிளை என்று கரியால் எழுதி, விறகுப்புரை பரணில் ஏற்றிவிடுவேன்.