குழந்தைகளின் குளிர்கால உடைகளில் செலவைக் குறைப்பது எப்படி?

குழந்தைகளின் குளிர்கால உடைகளுக்குப் பணம் கரைவதற்கு முதற்காரணம், அவை கிழிவதற்கு முன்பே சிறியதாகிவிடுவதுதான். நான்கு வயதிலிருந்து பூப்பெய்தும் பருவம் வரை குழந்தைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 7 சென்டிமீட்டர் உயரம் வளர்கிறார்கள். உயரத்தைக் கொண்டு அளவிடும் உடைகளில் 104, 110, 116 என்று ஒவ்வோர் அளவுக்கும் 6 சென்டிமீட்டர்தான் இடைவெளி. ஆகவே ஒரு குளிர்காலத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும் உடை, அடுத்த குளிர்காலத்தில் பெரும்பாலும் பயன்படாது. முதல் வயதில் குழந்தை சுமார் 25 சென்டிமீட்டர் வளர்ந்துவிடுவதால், கைக்குழந்தைக்கு விலையுயர்ந்த உடை வாங்குவதில் பொருளே இல்லை.

கடைக்குப் போகும் முன் அலமாரியைத் திறந்து, போன ஆண்டு உடைகள் அனைத்தையும் குழந்தைக்குப் போட்டுப் பாருங்கள். கைகளை முன்னே நீட்டச் சொன்னால் ஸ்வெட்டரின் கை மணிக்கட்டுக்கு மேல் எவ்வளவு ஏறுகிறது என்று தெரியும். குனியச் சொன்னால் முதுகு வெளியே தெரிகிறதா என்பதும் புலப்படும். கை சற்றே குட்டையாகிவிட்ட ஸ்வெட்டரைத் தூக்கிப்போட வேண்டாம். அது ஜாக்கெட்டுக்குள் இன்னொரு பருவம் உழைக்கும்.

குளிரைத் தடுப்பது உடையின் கனம் மட்டுமன்று. அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்றுதான் உடல் வெப்பத்தை வெளியேறவிடாமல் காக்கிறது. எனவே கனத்த உடை ஒன்றைவிட மெல்லியவை இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவிப்பது பயன் தரும். உள்ளே இருப்பவற்றை மற்ற மாதங்களிலும் அணியலாம் என்பதால் செலவும் குறைகிறது. ஆனால் ஓடியாடி வியர்க்கும் குழந்தைக்கு உடலை ஒட்டிய அடுக்காகப் பருத்தி ஏற்றதன்று: அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடலைக் குளிரச் செய்யும். மெல்லிய கம்பளியோ பாலியெஸ்டரோ அந்த இடத்துக்குப் பொருத்தம். நடு அடுக்குக்கு ஃப்ளீஸ் எனப்படும் மெத்தென்ற செயற்கை இழைத் துணியாலான ஸ்வெட்டர் போதும். விரைவில் உலரும், துவைப்பதும் எளிது.

பணத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடங்கள் இரண்டே என்பது என் கருத்து: காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் மேல் ஜாக்கெட், காலணி. ஜாக்கெட்டை ஓர் அளவு பெரிதாக வாங்கலாம். அதற்கு மேல் பெரிதாக இருந்தால் கழுத்து, இடுப்பு வழியாகக் குளிர்காற்று புகுந்து, வாங்கிய நோக்கமே கெட்டுவிடும். கையின் ஓரத்தை உள்பக்கம் மடித்துத் தைத்துவைத்து, வளர வளரப் பிரித்துவிடுவது நல்ல வழி. தம்பி தங்கைக்கும் ஆகும் நிறமாகத் தேர்ந்தெடுத்தால் அதே ஜாக்கெட் இன்னும் பல ஆண்டுகள் வீட்டிலேயே சுற்றும். காரில் குழந்தை இருக்கையின் பட்டைக்குள் தடித்த ஜாக்கெட்டோடு உட்காரவைக்கக் கூடாது. விபத்தில் பஞ்சு அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். பட்டையைப் பூட்டியபின் மேலே ஒரு போர்வை போர்த்தினால் போதும்; காருக்கென்று தனி உடை வாங்க வேண்டியதில்லை.

காலணியில் பெருவிரலுக்கு முன் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கட்டும். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு காலுறைகளைத் திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிட்டுப்போகும்.

ஒருவர் அணிந்த உடைகளை வாங்கத் தயங்க வேண்டாம். குழந்தைகளின் ஜாக்கெட்டுகள் பல, ஒரே பருவம் அணியப்பட்டு நல்ல நிலையிலேயே கைமாறுகின்றன. வாங்கும்போது ஜிப்பைக் கீழிருந்து மேலே இழுத்து, பற்கள் பிரிகின்றனவா என்று பாருங்கள். மணிக்கட்டு எலாஸ்டிக்கை இழுத்துவிட்டால் அது உடனே சுருங்க வேண்டும். ஜாக்கெட்டின் மேல் சில துளித் தண்ணீர் விட்டால், முத்தாக உருண்டோடினால் நீர்த்தடுப்புப் பூச்சு நன்றாக இருக்கிறது. துணி நனைந்து கறுத்தால் பூச்சு தேய்ந்திருக்கிறது என்று பொருள். அப்படியானாலும் பூச்சை மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம் என்பதால், விலையைக் குறைத்துக் கேட்க அது ஒரு காரணம். தலைமூடியில் நீண்ட கயிறு இருந்தால் கழற்றிவிடுங்கள். விளையாடும்போது எங்கேனும் சிக்கிக் கழுத்தை இறுக்கக்கூடும். காலணியை மட்டும் புதிதாக வாங்குவது நல்லது, ஏனெனில் பழையது முன்பு அணிந்த குழந்தையின் பாதத்துக்கேற்ப வளைந்திருக்கும்.

புதிதாகவே வாங்க வேண்டியிருந்தால், குளிர்காலம் முடியும் தறுவாயில் கடைகள் இருப்பைக் காலிசெய்யும் நேரமே ஏற்றது. குழந்தையின் இன்றைய உயரத்தோடு 6 சென்டிமீட்டரைக் கூட்டி, அந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். காலணியை இப்படி முன்கூட்டி வாங்க வேண்டாம். பாதம் எவ்வளவு வளரும் என்று கணிப்பது கடினம்.

இருப்பதை நீடிக்கச் செய்வதிலும் சேமிப்பு உண்டு. கம்பளியைக் குளிர்ந்த நீரில் கசக்காமல் அலசி, தொங்கவிடாமல் விரித்துப்போட்டு உலர்த்துங்கள். சுடுநீரில் அது சுருங்கி இன்னும் சிறிய குழந்தைக்குத்தான் பொருந்தும். துணி மென்மையாக்கும் திரவத்தை நீர்த்தடுப்பு ஜாக்கெட்டில் சேர்த்தால் பூச்சு பலனிழக்கும். ஜிப் கெட்டால் பெரும்பாலும் இழுவையை மாற்றினாலே சரியாகிவிடும்.

பருவம் முடிந்ததும் துவைத்து முழுமையாக உலர்த்திய உடைகளையே எடுத்துவையுங்கள். வியர்வைக் கறை படிந்த கம்பளியைத்தான் அந்துப்பூச்சியின் புழு விரும்பித் தின்னும். நாப்தலீன் அந்துருண்டையைக் குழந்தை உடைகளோடு போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடுள்ள கைக்குழந்தைகளுக்கு அதன் ஆவியால் இரத்த அணுக்கள் சிதையக்கூடும். காற்றுப்புகாத பையில் கட்டி, எந்த உயரத்துக்கான உடை என்பதை மேலே எழுதி வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு எதை வாங்க வேண்டியதில்லை என்பது பையைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிடும்.