நன்றி சொல்லிக் கடிதம் எழுதப் போகிறீர்களா? நான் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

மூன்று வருடத்துக்கு முன்னால் என் அத்தைக்கு ஒரு கடிதம் எழுதினேன். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டு வருடமும் திருவாரூரில் அவர் வீட்டில் தங்கித்தான் படித்தேன், அதற்காக ஒரு நாளும் வாய் திறந்து நன்றி சொன்னதில்லை. நம் வீடுகளில் யார் சொல்கிறார்கள்? நேரில் போய் 'நன்றி அத்தை' என்றால், 'என்னடா, மூணாம் மனுஷிகிட்ட பேசற மாதிரி பேசற' என்பார். சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்து, 'என் வாழ்வில் விளக்கேற்றிய தெய்வம் தாங்கள்', 'தங்கள் தியாகத்துக்கு ஏழு ஜென்மத்திலும் கைம்மாறு செய்ய இயலாது' என்றெல்லாம் இரண்டு பக்கம் உருகித் தள்ளி அனுப்பினேன். கடிதம் கிடைத்த அன்று சாயங்காலமே போன் வந்துவிட்டது. 'ஏண்டா, உடம்பு கிடம்பு சரியில்லையா? டாக்டர் ஏதாவது சொல்லிட்டாரா?' பின்னாலிருந்து மாமாவின் குரல்: 'பணம் காசுல ஏதாவது சிக்கலான்னு கேளு.'

அத்தையைச் சமாதானப்படுத்தவே அரை மணி நேரம் ஆனது. அப்புறம் யோசித்துப் பார்த்ததில், அந்த இரண்டு பக்கத்தில் நான் செய்யாத தவறே இல்லை.

முதல் தவறு, எடுத்த எடுப்பிலேயே உருகியது. பழைய ஆட்கள் 'இங்கு அனைவரும் நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல்' என்றுதான் கடிதத்தைத் தொடங்குவார்கள். சின்ன வயதில் அதை ஒப்புக்கு எழுதும் வரி என்று நினைத்துக் கிண்டல் செய்திருக்கிறேன். அது ஒப்புக்கு இல்லை. தந்தி வந்தாலே யாரோ போய்விட்டார்கள் என்று வாசலிலேயே அழத் தொடங்கிய தலைமுறை அது. தந்தி சேவையை 2013 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள், ஆனால் எதிர்பாராமல் வரும் காகிதத்தைக் கண்டால் வயிற்றில் புளியைக் கரைப்பது இன்னும் நிற்கவில்லை. அந்த ஒரு வரியைப் படித்த பிறகுதான் அவர்கள் நிதானமாக மூக்குக் கண்ணாடியைத் தேடுவார்கள். அதனால் 'எல்லோரும் சௌக்கியம், விசேஷம் ஒன்றுமில்லை, சும்மா எழுதத் தோன்றியது' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதோடு சேர்ந்த இன்னொன்று: ஆன்லைனில் அழகழகான லெட்டர் பேப்பர் விற்கிறார்கள், அதில் கறுப்பு பார்டர் போட்டதை மட்டும் பெரியவர்களுக்கு அனுப்பிவிடாதீர்கள். நமக்கு அது ஸ்டைல், அவர்களுக்குக் கருமாதிப் பத்திரிகை. நல்ல சேதி என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஊர் இது.

அடுத்தது அந்தத் 'தாங்கள்'. நேரில் 'அத்தே, நீங்க சாப்டீங்களா' என்று கேட்கிறவன் காகிதத்தில் மட்டும் ஏன் மேடை ஏறுகிறான் என்று எனக்கே புரியவில்லை. அம்மாவை 'நீ' என்றுதான் கூப்பிடுவீர்கள் என்றால் கடிதத்திலும் 'நீ' என்றே எழுதுங்கள். தமிழில் எழுதிப் பழக்கம் விட்டுப்போய், ந-வா, ன-வா, ண-வா என்று தடுமாறினால் தடுமாறட்டும், உங்கள் எழுத்துப் பிழையை அத்தை திருத்தப் போவதில்லை. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி அனுப்புவது மட்டும் வேண்டாம், அதைப் படிக்கப் பக்கத்து வீட்டுப் பையன் வர வேண்டியிருக்கும். போனில் ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கிய கடிதத்தைப் பார்த்து எழுதுவதும் அப்படித்தான், கையெழுத்து உங்களுடையதாக இருக்கும், பேச்சு வேறு யாருடையதோவாக இருக்கும்.

ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அந்த இரண்டு பக்கத்தையும் பெயரை மட்டும் மாற்றி என் பெரியம்மாவுக்கு அனுப்பியிருக்கலாம், கணக்கு வாத்தியாருக்கும் அனுப்பியிருக்கலாம். தியாகம், தெய்வம், கைம்மாறு எல்லாம் இருந்தது, அத்தை இல்லை. ஆறு மாதம் கழித்து இரண்டாவது கடிதம் எழுத உட்கார்ந்தபோது பெரிய வார்த்தைகளை ஒதுக்கிவிட்டு, அந்த வீட்டில் என்ன நடந்தது என்று மட்டும் யோசித்தேன். ஞாபகம் வந்தது அப்பளம். டிபன் பாக்ஸில் சாம்பார் சாதத்தின் மேலேயே அப்பளத்தை வைத்து மூடினால் மத்தியானத்துக்குள் நமுத்துப் போய்விடும். 'நமுத்த அப்பளத்தை எவன் தின்பான்' என்று ஒரு நாள் முணுமுணுத்துவிட்டேன். அத்தை பதில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அப்பளம் தனியாகப் பேப்பரில் மடித்துப் பையின் ஓரத்தில் வந்தது, இரண்டு வருடமும் வந்தது. என் கணக்கு நோட்டில் பாதி பக்கங்களுக்கு எண்ணெய்க் கறை. இதைத்தான் எழுதினேன், பத்து வரி. நன்றி என்ற சொல்லே அதில் இல்லை.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும், கொஞ்சம் தேட வேண்டும். 'எப்போதும் என்னைப் பார்த்துக்கொண்டீர்கள்' என்று கை ஓடினால் அங்கே நிறுத்தி, எப்போது, எந்த நாள், கையில் என்ன வைத்திருந்தார் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

அப்படித் தேடும்போது ஒரு ஆபத்து இருக்கிறது, நான் மயிரிழையில் தப்பினேன். இரண்டாவது கடிதத்தில், மாமாவுக்குத் தெரியாமல் அரிசி டின்னிலிருந்து எடுத்து என் பரீட்சை பீஸுக்கு அத்தை கொடுத்த பணத்தையும் எழுதியிருந்தேன். என் மனைவி படித்துவிட்டு, 'முதல்ல இதை அடிங்க' என்றாள். நம் ஊரில் கடிதம் ஒருத்தருக்கு வருவதில்லை, வீட்டுக்கு வருகிறது. கண் புரை ஆபரேஷன் ஆனவருக்கு மருமகள் படித்துக் காட்டுவாள், கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்து கேட்பார்கள். நீங்கள் நெகிழ்ந்து எழுதிய ரகசியம், முப்பது வருடம் காப்பாற்றியவரை மாட்டிவிடும். 'அம்மாகூட அப்படிச் செய்ததில்லை' மாதிரி வரிகளும் வேண்டாம், அது உங்கள் அம்மா காதுக்குப் போய்ச் சேர இரண்டு நாள் போதும். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்றால் நேரில் போகும்போது அடுப்படியில் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம்.

'நீங்கள் கண்டிப்பானவர்தான், ஆனாலும்' என்று அப்பாவுக்கு எழுதாதீர்கள், அவர் முதல் பாதியைத்தான் பத்து வருடம் ஞாபகம் வைத்திருப்பார். மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் அதற்குத் தனிக் கடிதம் எழுதலாம். கடைசி வரியில் 'அப்புறம் அந்தப் பத்திர விஷயம்' என்று வந்தால் மேலே எழுதியது அத்தனையும் அதற்கான பீடிகை ஆகிவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் அண்ணிக்கு அப்படி எழுதி, கையெழுத்தும் கிடைக்கவில்லை, பொங்கல் வரிசையும் நின்றுபோனது.

காகிதம், பேனா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜெல் பேனா பளபளவென்று எழுதும், ஈரக் கை பட்டால் இழுகிவிடும். அடுப்படியிலிருந்து புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாங்குகிற கைகளுக்குச் சாதாரண பால்பாயின்ட் பேனாதான் சரி. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், வரிக்கு வரி இடம் விடுங்கள். இன்லேண்ட் லெட்டர் இன்னமும் கிடைக்கிறது, நான் கடைசியாக வாங்கியபோது இரண்டரை ரூபாய். ஆனால் அதில் ஓரம்வரை நெருக்கி எழுதினால், விரலை விட்டுக் கிழித்துப் பிரிக்கிறவர் கையில் கடைசி வரி இரண்டு துண்டாகிவிடும். உள்ளே போட்டோ வைக்கவும் கூடாது, அதன் மேலேயே அச்சடித்திருக்கும். போட்டோ வைக்க வேண்டும் என்றால் உறைதான். உறைக்கு 20 கிராம் வரை ஐந்து ரூபாய் ஸ்டாம்ப், சாதாரண ஏ4 தாள் ஒன்று 5 கிராம், மூன்று தாளும் உறையும் சேர்ந்தாலே 20-ஐத் தொட்டுவிடும். அதற்கு மேல் போட்டோவும் வைத்தால் தபால் ஆபீசில் எடை போட்டுப் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஸ்டாம்பில் குறைகிற தொகையைப் போல இரண்டு மடங்கை வாங்குகிறவர் தலையில் கட்டுவார்கள். நன்றிக் கடிதத்தை அத்தை காசு கொடுத்து வாங்குவது நன்றாகவா இருக்கும்? பின்கோடு ஆறு இலக்கமும் தெளிவாக இருக்கட்டும். அது 1972-ல் வந்ததே, ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கிற நாட்டில் கடிதம் தொலையக் கூடாது என்றுதான்.

பெட்டியில் போட்ட பிறகு 'வந்துச்சா, படிச்சீங்களா' என்று தினமும் போன் போடாதீர்கள். பெட்டியில் போடுவதற்கு முன்னால் கடிதத்தைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைப்பது அதைவிட மோசம், அத்தைக்கு வர வேண்டியதை ஊரே படித்துவிட்டிருக்கும். பதிலையும் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு வரவில்லை, போனும் வரவில்லை. ஒருவேளை கிடைக்கவே இல்லையோ என்றுகூட நினைத்தேன்.

தீபாவளிக்கு அடுத்த வாரம் திருவாரூர் போயிருந்தேன். கடிதத்தைப் பற்றி அத்தை மூச்சு விடவில்லை, நானும் கேட்கவில்லை. இலையில் சாதத்தைப் போட்டு, சாம்பாரை ஊற்றி, அப்பளத்தை இலையின் அந்தக் கோடியில் தள்ளி வைத்துவிட்டு, 'தனியாத்தான் வச்சிருக்கேன், பாத்துக்கோ' என்றார்.